ஓடும் சுண்ணாம்பும் எண்ணெய்க் கறையும்: பொள்ளாச்சியில் ஒரு மோட்டார் ஷெட்டை மீட்ட அனுபவம்

1920-இல் ஜி. டி. நாயுடு தம் முதல் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். 1931-இல் நாச்சிமுத்துக் கவுண்டர் பொள்ளாச்சியில் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். போத்தனூரிலிருந்து ரயில் பாதை 1915-லேயே வந்துவிட்டது. கோவை, பழனி, உடுமலை, பாலக்காடு, வால்பாறை என்று எல்லாத் திசைக்கும் சாலை பிரிகிற ஊர். வெல்லத்துக்கும் மாட்டுக்கும் பேர்போன சந்தை உள்ள ஊர். அங்கே வந்து போன பஸ்ஸும் லாரியும் எங்காவது ஒதுங்கி ஸ்பிரிங் பட்டை மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தேவைக்காகக் கடைவீதிகளின் ஓரத்தில் எழுந்த மோட்டார் ஷெட்களில் ஒன்றை எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, கட்டினார். மூன்றாம் தலைமுறையில் அது என் பொறுப்புக்கு வந்தது.

அப்போது அதன் நிலை பரிதாபமாக இருந்தது. கூரையின் நடுவில் வானம் தெரிந்தது. உள்சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் பூச்சு, அதற்கு மேல் உவர் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த செங்கல். வண்டிக்கு அடியில் நின்று பழுது பார்க்கும் பள்ளத்தை எப்போதோ மண் கொட்டி மூடியிருந்தார்கள். வந்து பார்த்த ஒப்பந்தக்காரர்கள் ஒருவர் விடாமல், இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டச் சொன்னார்கள். பழமையை விரும்பும் நண்பர்கள் சிலர், அழகாகப் புதுப்பித்து உணவகமாக்கலாம் என்றார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. பட்டறையாகப் பிறந்த கட்டடம் அது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் செய்கிற மராமத்து வேறு, உழைத்துக் கறுத்த ஒரு கொட்டகைக்குச் செய்ய வேண்டிய மராமத்து வேறு. எது ஒழுகுகிறதோ அதை நிறுத்த வேண்டும், எது தாங்கவில்லையோ அதைத் தாங்கச் செய்ய வேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும். இந்த வேலை முழுவதிலும் நான் பிடித்துக்கொண்டு நின்ற கொள்கை இதுதான்.

வேலையைத் தொடங்குமுன் கட்டடத்தின் வயதையும் அது கண்ட மாறுதல்களையும் தெரிந்துகொள்வது நல்லது. எந்தச் சுவர் பழையது, எது பிற்சேர்க்கை என்று தெரிந்தால்தான் எதில் கைவைக்கலாம் என்று தெரியும். வீட்டில் ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கினால் நிலம் கைமாறிய விவரம் கிடைக்கும். ஆனால் கட்டடம் எப்போது எழுந்தது என்பது அதில் இருக்காது. பழைய சொத்து வரி ரசீதுகள் கொஞ்சம் உதவும். மற்றதைக் கட்டடத்திடமே கேட்க வேண்டும்.

ஓடுகளைப் புரட்டிப் பாருங்கள். மங்களூர் ஓட்டின் அடியில் செய்த ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். பாஸல் மிஷன் என்ற கிறிஸ்தவ சமய அமைப்பு 1865-இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது. முதல் உலகப் போரின்போது அந்த மிஷனின் தொழில்களை அரசு கைப்பற்றியது. பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் வசம் போயின. ஆகவே பாஸல் மிஷன் முத்திரை இருந்தால் ஓடு போருக்கு முந்தியது, காமன்வெல்த் முத்திரை இருந்தால் பிந்தியது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். எங்கள் ஷெட்டின் மேற்குச் சரிவு முழுவதும் ‘காமன்வெல்த், ஃபெரோக்’ என்று இருந்தது (ஃபெரோக் கோழிக்கோட்டை அடுத்த ஊர்). கிழக்குச் சரிவில் மூன்று நான்கு ஆலைகளின் ஓடுகள் கலந்து கிடந்தன. அது பின்னால் பார்த்த பழுது. என்ஜின் தூக்கும் சங்கிலிக் கப்பி தொங்கிய இரும்பு உத்தரத்தைச் சுரண்டியபோது ‘டார்மன் லாங், இங்கிலாந்து’ என்ற எழுத்துகள் புடைத்துக்கொண்டு வந்தன. அந்தக் காலத்தில் பெரிய பாலங்களுக்கு எஃகு கொடுத்த நிறுவனம் அது.

பரணில் ஒரு கட்டுப் பேரேடும் கிடைத்தது. பல பக்கங்களில் தேதியே இல்லை. அதற்கும் வழி இருக்கிறது: ரூபாய், அணா, பை என்ற பழைய முறையில் கணக்கு எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. 1964-இல் ‘நயா’ போய் வெறும் பைசா ஆகிவிட்டது. இப்படி வரிசைப்படுத்தியதில், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் லாரிகளின் பிரேக் வேலைதான் எங்கள் பட்டறைக்குச் சோறு போட்டது என்று தெரிந்தது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்குகிற வண்டிக்குப் பிரேக் லைனிங் எவ்வளவு நாள் தாங்கும்! ஒரே லாரி அடுத்தடுத்த பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

போர்க்காலம் பற்றி அப்பத்தா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்களின் பின்னால் உயரமான இரும்பு உருளையைப் பொருத்தி, மரக்கரியை மூட்டி, அதில் எழும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமே இத்தகைய ‘கேஸ் பிளான்ட்’களைத் தயாரித்தது. விடியுமுன் கிளீனர் பையன் வந்து காற்றாடிக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனிய வைப்பானாம். வாயு சரியாக வந்தால்தான் என்ஜின் பிடிக்கும். அந்த வாயுவில் எரிகிற பகுதியில் பெரும்பங்கு கார்பன் மோனாக்சைடு. வாசனையே இல்லாத விஷம். “கதவைச் சாத்திக்கொண்டு கரியை மூட்டக் கூடாது என்று உன் அப்பாரு கத்துவார்” என்பார் அப்பத்தா. ஷெட்டின் முகட்டில் நீளவாக்கில் காற்றுத் திறப்பு விட்டிருப்பதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று நினைக்கிறேன். பின்னாளில் யாரோ தகரம் அடித்து அதை மூடியிருந்தார்கள். நாங்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று அதைத் திறந்துவிட்டது. பகல் வெயிலில் உள்ளே நின்று வேலை செய்ய முடிகிறதென்றால் அதற்கு அந்தத் திறப்புத்தான் காரணம்.

1972-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. எங்கள் பக்கத்துக்குச் சேரன், மதுரைக்குப் பாண்டியன், தஞ்சைப் பக்கத்துக்குச் சோழன். பஸ் வேலை அவற்றின் சொந்தப் பணிமனைகளுக்குப் போனது. லாரியும் டிராக்டரும் அம்பாசடர் டாக்சியும் எங்களுக்கு மிஞ்சின. வருமானம் குறைந்ததும் கட்டடத்துக்குக் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒட்டுப் போடுவது தொடங்கியது. சிமென்ட் பூச்சும் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பும் அந்தக் காலத்தவை.

இனி வேலைக்கு வருகிறேன். உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த மூத்த கொத்தனார் ஒருவர் முதல் நாள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பூச்சைப் பற்றி அப்புறம் பேசலாம் தம்பி. முதலில் ஒரு மழைக்கு உள்ளே நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதைப் பூசினாலும் நிற்காதுங்க” என்றார். கையில் சுண்ணக்கட்டியோடு மழைக்குள் நின்று, ஒழுகும் இடங்களையெல்லாம் சுவரிலும் தரையிலும் குறித்தேன். இந்த ஒரு வேலையைப் பழைய கட்டடம் வைத்திருக்கும் எவரும் தவிர்க்கக் கூடாது. குறிகள் பெரும்பாலும் ஒரே கோட்டில் விழுந்தன. ஷெட்டுக்கு இரண்டு இணைக் கூரைகள். அவை சந்திக்கும் பள்ளத்தில் மழைநீரை வாங்கி வெளியேற்றும் தகர வாய்க்கால் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. உடைந்த ஓடுகளால் வந்த தண்ணீரைவிட அந்த வாய்க்காலால் வந்த தண்ணீர் பல மடங்கு அதிகம். பழைய தகரம் குறுகலாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்துக்கொண்டு வரும் தென்மேற்குப் பருவமழைக்கு அது போதாது. ஆள் கால் வைத்து நடந்து சுத்தம் செய்யும் அகலத்துக்குப் புதிய வாய்க்கால் போட்டோம். சரிவு போதுமானதாக இருக்க வேண்டும், இரு முனையிலும் தண்ணீர் இறங்க வழி இருக்க வேண்டும், ஒன்று அடைத்தால் மற்றொன்று காப்பாற்ற வேண்டும்.

ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தோம். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும்; கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். பாசியைத் தென்னை நார்ப் பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு தேய்த்தால் போதும், அமிலம் வேண்டாம். ஒரு சரிவில் ஒரே ஆலையின் ஓடுகளைத்தான் போட வேண்டும். ஒவ்வோர் ஆலையின் அச்சும் சற்றே வேறுபடும். ஒன்றின் வரிப்பள்ளத்தில் இன்னொன்று சரியாக உட்காராது, இடுக்கு விழும், காற்றோடு வரும் மழை உள்ளே புகும். கிழக்குச் சரிவின் தீராத ஒழுகலுக்கு அந்தக் கலப்படம்தான் காரணம். இரண்டு சரிவிலும் கிடைத்த நல்ல ஃபெரோக் ஓடுகளைச் சேர்த்து மேற்குச் சரிவை முழுமையாக்கினோம். கிழக்குக்குப் புதிய ஓடுகள். புதிய ஓட்டின் அளவுக்கேற்ப, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்களின் இடைவெளியை மாற்ற வேண்டியிருந்தது. பழைய இடைவெளியிலேயே புது ஓட்டைப் போட்டால் கொக்கி பிடிக்காது. தாழ்வார ஓரத்து வரிசைகளைக் கம்பியால் கட்டிவிடுவது அவசியம். எங்கள் ஊர்க் காற்று முதலில் தூக்குவது அந்த வரிசையைத்தான்.

கூரை மரம் தேக்கு. டாப்சிலிப் காட்டிலிருந்து வந்தது என்று அப்பா சொல்வார். வெட்டிய மரங்களை மலையிலிருந்து சறுக்கிவிட்டு அடிவாரத்துக்குக் கொண்டுவந்த இடம் அது. ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி வெட்டிய இடத்திலெல்லாம் மீண்டும் தேக்கு வளர்த்தார். அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கிறது. இவ்வளவு நல்ல மரத்தை இன்று எந்த விலைக்கும் வாங்க முடியாது என்பதால், மாற்றுவதைவிட ஒட்டுப்போடுவதே முறை. கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸ்ஸின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் புதைந்த முனையில்தான் ஈரமும் கரையானும் சேரும். கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள். விரலளவு இறங்கினால் அந்த முனை போய்விட்டது. அந்தப் பகுதியை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்து, பழைய மரக்கடையில் வாங்கிய தேக்கைப் பொருத்தி, துருப்பிடிக்காத போல்ட் போட்டு முடுக்கினோம். திரும்பச் சுவரில் வைக்கும்போது முனையைச் சுற்றிக் காற்றுக்கு விரற்கடை இடம் விட்டோம். கலவை அடைத்துப் பூசினால் மறுபடியும் உளுத்துப்போகும். முட்டுக் கொடுக்காமல் எந்த முனையையும் அறுக்கக் கூடாது. இந்த ஒரு கட்டத்துக்காவது பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரின் மேற்பார்வை கட்டாயம் வேண்டும்.

சுவர்தான் அதிகக் காலம் எடுத்தது. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் சுவர், மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாக ஆறவிட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே உப்பைக் கக்கும். செங்கல் மாவாகக் கொட்டும். பார்க்கிறவர்கள் ‘சிமென்ட் பூசிய இடம் நன்றாக இருக்கிறது, பூசாத இடம் கெட்டுவிட்டது, ஆகவே மேலேயும் பூசு’ என்பார்கள். இந்தத் தவறான கணக்கால் பாழான கட்டடங்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. சிமென்டைச் சிற்றுளியால் மெதுவாகத் தட்டி எடுத்தோம். இயந்திரம் வைத்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரைச் சும்மா விட்டோம். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்துத் துடைத்து வெளியே கொட்டினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும்.

சுண்ணாம்பு விஷயத்தில் அவசரம் உதவாது. சுட்ட கல் சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்றினோம். அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்துத் தண்ணீர் மூடியிருக்கும்படி வாரக்கணக்கில் ஊறவிட்டால் வெண்ணெய்ப் பதம் வரும். இன்னொரு பக்கம் உடைத்த கடுக்காயும் வெல்லமும் பீப்பாயில் ஊறிப் புளிக்கும். கடுக்காய் ஆனைமலைக் காட்டுப் பொருள், வெல்லம் எங்கள் சந்தைச் சரக்கு. அப்பாருவின் கொத்தனார்களும் இவற்றைத்தான் வாங்கியிருப்பார்கள். வெல்லம் அளவு மீறினால் எறும்பு மொய்க்கும், இறுகவும் நாளாகும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரைப் பங்கு, அடிப்பூச்சுக்கு மணலில் ஒரு பகுதியைக் குறைத்துச் செங்கல் தூள். எல்லாவற்றையும் அந்தப் புளித்த நீர் விட்டு அரைத்தோம். கலவையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது. அதுதான் கொத்தனார் பார்த்த பதம். ஒவ்வொரு பூச்சும் விரல் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது; அதற்குள் உலர்ந்துவிட்டால் பொடியாகிவிடும். எனவே நனைத்த கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டு வெயிலை மறைத்தோம். எங்கள் ஊரில் தை பிறந்து தொடங்கிச் சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும். வைகாசி கடைசியில் மழை வந்துவிடும். மேலே பெயின்ட் அடிக்கவில்லை. வெள்ளைச் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துப் பலமுறை அடித்தோம்.

எண்ணெய் ஊறிய செங்கல்லில் எந்தப் பூச்சும் ஒட்டாது. பள்ளத்தை ஒட்டிய சுவரின் அடிப்பகுதி அப்படித்தான் இருந்தது. மிக மோசமான கற்களை மட்டும் மாற்றினோம். மற்றவற்றைப் பூசாமல் அப்படியே விட்டோம். தரையில் பாவிய கருங்கல் பலகைகளையும் கறையோடு விட்டோம். வழுக்காமல் இருக்க மரத்தூள் பரப்பி எண்ணெயை உறிஞ்சியதோடு சரி. கறையைப் போக்கப் பளபளப்பாகத் தேய்த்துத் தரலாம் என்று ஒருவர் சொன்னார். அறுபது எழுபது வருட உழைப்பின் தடத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பள்ளத்தைத் தோண்டியபோது கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். இரு பக்கச் சுவர்களிலும் முழங்கை உயரத்தில் சிறு மாடங்கள். மண்ணெண்ணெய் விளக்கு வைப்பதற்கு. மாடத்தின் மேல்விளிம்பில் புகைக்கரி அப்படியே இருந்தது. ஆனால் பழைய பள்ளம் ஆபத்தான இடமும்கூட. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். ஆளை இறக்குமுன் காற்றோட்டம் கொடுக்க வேண்டும், பீடியும் வெல்டிங்கும் பக்கத்தில் கூடாது. அடியில் இருந்த கழிவு எண்ணெய்ச் சேற்றைத் தனிப் பீப்பாய்களில் அடைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்தோம். சுற்றிலும் தென்னந்தோப்புக் கிணறுகள். சாக்கடையில் ஊற்றினால் அது அங்கேதான் போய்ச் சேரும்.

வாசல் ஓரத்தில் பர்மா ஷெல் காலத்துக் கைப் பம்பு நின்ற மேடையும், அதனடியில் புதைத்த தொட்டியும் இருந்தன. மேலே இரண்டு கண்ணாடிக் குடுவைகள், பக்கத்தில் கைப்பிடி. ஒரு குடுவை நிரம்பும்போது மற்றது வண்டிக்கு இறங்கும். பம்பு எப்போதோ போய்விட்டது. 1976-இல் பர்மா ஷெல்லை அரசு ஏற்று, பின்னர் அது பாரத் பெட்ரோலியம் ஆனது. அதற்கு முன்பே எங்களிடம் விற்பனை நின்றுவிட்டது. காலித் தொட்டிதானே என்று கேஸ் கட்டரை எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. காலித் தொட்டிதான் வெடிக்கும். ஆவியும் காற்றும் சேர்ந்திருப்பது அதில்தான். பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகள் தெரிந்த ஆட்களை வைத்து, ஆவி இல்லை என்று சோதித்து, கழுவி, மணல் நிரப்பி மூடினோம். மேடை இருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை நனைத்து, உடைக்காமல், முகக்கவசத்தோடு முழுசாக இறக்கினோம். துளைப்பதும் அறுப்பதும் அறவே கூடாது. முன்புற அலுவலக அறையின் மெட்ராஸ் ஒட்டுக் கூரை ஓரளவு நன்றாகவே இருந்தது. தேக்குச் சட்டங்களுக்கு நடுவே சிறு செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கிய கூரைக்கு மேலே கான்கிரீட் போடச் சொல்வார்கள். போட்டால் பாரம் தாங்காது. பழைய தளஓட்டின் இடுக்குகளைச் சுண்ணாம்பால் அடைத்தோம், ஒழுகல் நின்றுவிட்டது.

செலவில் பெரும்பகுதி கூலிதான். பொருளுக்குக் கொடுத்தது குறைவு. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைத்தவர் அறுபதைக் கடந்தவராக இருப்பார். அவரோடு இரண்டு இளைஞர்களைச் சேர்த்துவிடுங்கள். அவர்களுக்கும் முழுக் கூலி கொடுங்கள். எங்களிடம் கற்றுக்கொண்ட ஒருவர் இப்போது ஆனைமலைப் பக்கம் தனியாகச் சுண்ணாம்பு வேலை எடுத்துச் செய்கிறார்.

ஷெட் இப்போது வாடகைக்குப் போயிருக்கிறது. எடுத்திருப்பவர் லாரிப் பட்டையும் பிரேக்கும் பார்க்கிறவர். வால்பாறை வண்டிகள் மறுபடி வருகின்றன. ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகள் எழுதியிருக்கிறோம்: மர ட்ரஸ்ஸில் எதையும் தொங்கவிடக் கூடாது, கப்பி இரும்பு உத்தரத்தில் மட்டும், வெல்டிங் சாய்ப்புக்கு வெளியே, முகட்டுத் திறப்பை மூடக் கூடாது, சுவரில் சிமென்ட் பூசக் கூடாது, பள்ளத்தின் விளிம்பிலிருந்து மூன்றடிக்குள் பாரம் ஏற்றிய வண்டியை நிறுத்தக் கூடாது, ஒவ்வொரு மே மாதமும் தகர வாய்க்காலில் சேர்ந்த சருகை அள்ளி, பிசகிய ஓட்டைத் திருத்திவிட வேண்டும். அந்த மே மாத வேலைக்கான கூலியை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் எழுத்தில் சேர்த்திருக்கிறோம்.